ஸ்டெல்லா மேடம் ஆன்லைனில் இருக்கிறார்

ஸ்டெல்லா மேடத்தை அடக்கம் செய்த மறுவாரம், ஒரு மதிய வேளையில் டெஸ்பாட்ச் முருகன் என் கேபினுக்குள் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், ஸ்டெல்லா மேடம் லைக் போட்டுருக்காங்க."

நான் அப்போது இரும்புலியூர் அருகே வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அட்மின் மேனேஜர். அலுவலகம் முழுவதற்கும் ஒரு சாட் ஆப் கொண்டுவந்திருந்தோம். பிரிவுக்கு ஒரு சேனல். யார் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று காட்டப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. புரொஜெக்டர் வைத்து டிரெய்னிங் கொடுத்தேன், சமோசாவும் கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு வாட்ஸ்அப்புக்கே திரும்பிப் போனார்கள். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லா மேடம் மட்டும் விடவில்லை. எப்போதாவது யார் எதைப் போட்டாலும் ஒரு கட்டைவிரல் வைத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியவர் மாரடைப்பில் போய்விட்டார். அந்த ஆப்பில் அவருடைய கணக்கை மூட யாருக்கும் மனம் வரவில்லை.

முருகனின் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். லாரி கிளம்பியதாக அவர் போட்ட செய்திக்குக் கீழே கட்டைவிரல். ஸ்டெல்லா என்ற பெயருக்கருகே பச்சைப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

செய்தி பரவியதும், பாஸ்வேர்டையே மறந்திருந்தவர்கள் எல்லாம் ரீசெட் கேட்டு வந்தார்கள். கேன்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோன்கள். அக்கவுன்ட்ஸ் கல்பனா பொதுச் சேனலில் எழுதிவிட்டாள்: "அக்கா, நீங்களா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி பச்சையானது. கேள்விக்குக் கீழே கட்டைவிரல் வந்தது. கல்பனா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

ஜி.எம். கூப்பிட்டு, "யாரோ விளையாடுறாங்க. டேட்டா வெளிய போனா யாரு பதில் சொல்றது? அந்த அக்கவுன்ட்டை இன்னைக்கே க்ளோஸ் பண்ணுங்க" என்றார்.

என் சீட்டிலிருந்தே மூடியிருக்கலாம். ஆனால் அவருடைய ஃபோன் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க, ஊரப்பாக்கத்தில் இருந்த ஸ்டெல்லா மேடத்தின் வீட்டுக்குப் போனேன். கணவர் இஸ்ரவேல் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கதவைத் திறந்தார். சாப்பாட்டு மேசையில் ஸ்டெல்லா மேடத்தின் ஃபோன் சார்ஜில் இருந்தது.

"அது சத்தம் போட்டா எனக்கு மனசு கேக்கல சார்" என்றார். "ஒருத்தர் ஒண்ணு சொன்னா, கேட்டேன்னாவது காட்டணும்னு அவ சொல்லுவா. அந்த விரல் வைக்கிறதுதான் எனக்குத் தெரியும்."

"கல்பனா கேட்டதுக்குமா?"

"என்ன கேட்டாங்க? கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்து தெரியாதே. சத்தம் வந்தா விரல் வைப்பேன், அவ்வளவுதான்."

ஃபோனை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பயந்துட்டாங்களா?"

"கொஞ்சம், சார்."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: "நான் அவள் கணவர். பயமுறுத்திவிட்டேன். மன்னிக்கவும்." பிறகு என்னிடம் நீட்டி, "நீங்களே மூடிடுங்க" என்றார்.

நான் வாங்குவதற்குள் சத்தம் வந்தது. மறுபடி வந்தது. முருகன், கல்பனா, பிறகு அந்த ஆப்பில் நான் ஒருநாளும் பார்த்திராத பெயர்கள், எல்லோரும் அவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். "இருங்க சார், இந்தச் சத்தம் நிக்கட்டும்" என்றார் இஸ்ரவேல் சார். இருவரும் அந்த மேசையருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஆப்பில் ஸ்டெல்லா மேடத்தின் பெயர் இல்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் யாரும் வெளியே போகவில்லை. வேலையை அதிலேயே பேசத் தொடங்கியிருந்தார்கள்.

எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். மறுபக்கம் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் எழுதுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீங்கள் புதிதாக ஒன்றைக் கொண்டுவரும்போது, முதலில் பதில் சொல்ல ஓர் ஆளை உட்கார வையுங்கள். டிரெய்னிங் பிறகு நடக்கட்டும்.