நீலம் வந்தால் போதும்

மனிதர்கள் டாக்டரிடம் பொய் சொல்வார்கள், மனைவியிடம் பொய் சொல்வார்கள். அவர்களுடைய மூத்திரத்துக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது என்ற நம்பிக்கையில் நடக்கிற தொழில் எங்களுடையது.

நாற்பத்தொரு வயதில் பம்பாயை விட்டுவிட்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வந்தேன். கூட வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும் சர்க்கரை வியாதியும். பஜார் ரோட்டில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறை லேபில் ஏழு வருஷமாக வேலை. டெஸ்ட் ட்யூபில் நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதி. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால், ஆளுக்கு முதலில் நாற்காலி போட வேண்டும். தினமும் காலையில் முதல் ட்யூப் என்னுடையது. நீங்களும் நம் கட்சி என்றால் அந்த இரண்டு நிமிஷம் உங்களுக்குத் தெரியும். தின்ற லட்டெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் படித்தவன் நான். குப்பியில் ஒட்டும் பெயர்ச்சீட்டை மலையாளத்தில் எழுதுகிறேன், பயப்படுவது தமிழில்தான்.

தேன் குப்பி

யூதர் தெருவான ஜூ டவுனில், ஒரு கிடங்கில் இஞ்சி சுத்தம் செய்கிற மரியம்மா சேச்சி ஒரு நாள் சின்னக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கொதித்தது, செங்கல் நிறம். நாற்காலி போட்டேன். சேச்சி உட்காரவில்லை. மூன்று பிள்ளைகள், கிடங்கில் நாள்கூலி, இனி யார் பார்ப்பார்கள் என்று மலையாளத்தில் புலம்ப ஆரம்பித்துவிட்டார். எனக்கு என்னவோ உறுத்தியது. குப்பியை முகர்ந்து பார்த்தேன். இந்தத் தொழிலில் விருப்பத்தோடு செய்கிற காரியம் அல்ல அது. தேன் வாசனை.

முதல் நாள்வரை அதில் தேன் இருந்ததாம். கழுவினீர்களா என்றேன். தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேனே என்றார். வேறு குப்பி கொடுத்து அனுப்பி மறுபடி கொதிக்க வைத்தால் சுத்தமான நீலம். சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். "வியாதி குப்பிக்குத்தான், மரியம்மாவுக்கு இல்லைன்னு எழுதித் தா மோனே."

பரீட்சைக்கு முந்தின நாள்

மணி ஐயர் மிளகுத் தரகர். மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். மாதம் ஒரு தடவை வருவார், மாதாமாதம் நீலம். டாக்டரே அவரை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டுவார். ஒரு திங்கட்கிழமை லேப் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, என்னைப் பார்த்து வேறு யாருடைய பெயரையோ சொன்னார். என் சட்டைப் பையில் எப்போதும் நாலு ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டால் கைகொடுக்க, மாத்திரை தின்கிற நம்மவர்கள் எல்லோரும் வைத்திருக்க வேண்டியது. ஒன்றை அவர் வாயில் அடக்கினேன். பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாளும் மோரும் வெள்ளரிக்காயும்தான் ஆகாரம். மாத்திரையை மட்டும் விடுவதில்லை. டெஸ்ட் முடிந்ததும் நேரே பால் பாயசம். நான் சத்தம் போட்டேன். அவர் வேஷ்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பரீட்சைக்கு முந்தின நாள் உட்கார்ந்து படிக்கறவனை எந்த வாத்தியாராவது திட்டுவாரோ? நீ மட்டும் ஏன்டா திட்டறே?"

மணிக்கயிறு

டெஸ்ட் ட்யூப் வாங்க எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய்விட்டு மத்தியானப் போட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். சுக்கான் பிடிக்கிறவரை இங்கே ஸ்ராங்க் என்போம். அன்றைக்கு ஸ்ராங்க் செல்லப்பன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், ஜெட்டிக்குப் பக்கத்தில் வீடு. இஞ்சின் கீழே இருக்கும். வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ ஸ்ராங்க் மணிக்கயிற்றை இழுக்க வேண்டும். மணி கேட்காமல் இஞ்சின்காரர் எதையும் தொடமாட்டார்.

மட்டாஞ்சேரி ஜெட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மணி கேட்கவில்லை. முன் பெஞ்சிலிருந்து பார்த்தேன். செல்லப்பனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை கயிற்றில்தான் இருந்தது, இழுக்கவில்லை. ஜெட்டியில் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். அந்த வியர்வையை நான் மணி ஐயரிடம் பார்த்திருக்கிறேன், கண்ணாடியில் என்னிடமும் பார்த்திருக்கிறேன். பாய்ந்துபோய் அவர் கையோடு சேர்த்துக் கயிற்றை இழுத்தேன். எத்தனை மணி அடித்தேனோ, கீழே இருந்தவருக்குப் புரிந்துவிட்டது. இஞ்சின் பின்னோக்கிச் சுழன்றது, போட் தூணை உரசிக்கொண்டு நின்றது. அறுபது பேர் முன்னும் பின்னும் ஆடி, திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

என் பையிலிருந்த மிட்டாய் வாயில் கரைந்ததும் செல்லப்பனுக்குப் பேச்சு வந்தது. நாலு வருஷமாகச் சர்க்கரை. இங்கே யாருக்கும் தெரியக்கூடாதென்று மாத்திரையை பிராட்வேயில் வாங்குகிறார். அன்று மாத்திரை போட்டார், சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டேயும் மிண்டிராதீங்க சேட்டா. வீல் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது."

சில்லென்று ஒரு குப்பி

வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ராங்குகள் எல்லோரும் எங்கள் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிப் போட் முதலாளியிடம் கொடுக்க வேண்டும். அடுத்த மாதமே செல்லப்பன் வந்தார். கிளினிக் கக்கூஸுக்குள் போய் வந்து குப்பியை நீட்டினார். முந்தின வருஷங்களில் கவனிக்காத என் விரல்களுக்கு இந்தத் தடவை உடனே தெரிந்துவிட்டது. அப்போதுதான் பிடித்த சிறுநீர் வெதுவெதுப்பாக இருக்கும். இது சில்லென்று இருந்தது, எங்கோ பிடித்துக் கொண்டுவந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்தது. ட்யூப் நீலமாகவே நின்றது. மாத்திரை தின்கிறவருக்கு நீலம் வரலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடவே, வீல் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்றும். நீலம் என்று எழுதினேன். அந்த வருஷம் முழுக்கப் போட்டில் ஏறும்போதெல்லாம் மணிச் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது. செல்லப்பன் அன்றைக்கு மேஜை மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "நீலந்தானே? நீலம் வந்தா போதும் சேட்டா."

செங்கல்

அடுத்த வருஷமும் குப்பி சில்லென்றுதான் வந்தது. ட்யூபைச் சூடாக்கினேன். பச்சை, மஞ்சள் என்று நிற்காமல் ஓடிச் செங்கல் நிறத்தில் போய் நின்றது. செல்லப்பனின் முகம் வெளுத்துவிட்டது. குப்பி சரியில்லாமல் இருக்கலாம் என்று நானே கழுவிய குப்பியைக் கொடுத்தேன். இந்தத் தடவை கக்கூஸுக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு ஓடினார். அரைமணி நேரத்தில் மூச்சிரைக்க வந்தார். மறுபடி செங்கல்.

"நீலம்னு எழுதிருங்க சேட்டா. பன்னெண்டு மணிக்குள்ள முதலாளிக்குப் பேப்பர் கொடுக்கணும்."

"எழுதலாம். இந்தச் சிவப்பை யார்கிட்டே சொல்றது?"

வெளியே டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடும் குரல் கேட்டது. நான் பேனாவை மூடி வைத்தேன். "செல்லப்பா, யாரோ ஒருத்தருக்கு இவ்வளவு சர்க்கரை இருக்கு. அந்த ஆளுக்கு இன்னும் தெரியாது. அவங்க உடம்பு இளைக்குதா? புண் ஏதாவது ஆறாம இருக்கா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். குப்பி அவர் மனைவி தங்கத்தினுடையது. வருஷாவருஷம் கொடுத்ததும் தங்கத்தினுடையதுதான். கால் பெருவிரலில் புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. மஞ்சள் அரைத்துப் போடுகிறார். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார். "செருப்புக் கடின்னு நினைச்சு, புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன் சேட்டா."

இரண்டு குப்பி

பன்னிரண்டு மணிக்கு முன்னால் இரண்டு பேரும் டாக்டர் முன்னால் நின்றோம். செல்லப்பன் வருஷாவருஷம் மாற்றிக் கொடுத்த குப்பிகளின் கதையைச் சொன்னார். நான் போட்டில் நடந்ததையும் போன வருஷத்துச் சில்லிட்ட குப்பியையும் சொன்னேன். டாக்டர் செல்லப்பனைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். திட்டி முடித்துவிட்டுத் தங்கத்தை அழைத்து வரச் சொன்னார். இன்சுலின் ஆரம்பித்தார்கள். பெருவிரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். தினமும் கட்டுப் போட வரும்போது அந்த விரலின் நிறத்தை, என் ட்யூபைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் பிடித்தது. விரல் தப்பியது.

செல்லப்பனுக்கு வீல் போனது. முதலாளி ஜெட்டியில் கயிறு கட்டும் வேலை கொடுத்தார், சம்பளம் குறைவு. ஆனால் பன்னிரண்டரைக்குத் தங்கம் தூக்குப் பாத்திரத்தோடு ஜெட்டிக்கு வந்துவிடுவார். எந்த போட் வந்தாலும் போனாலும் செல்லப்பன் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டார்.

மாதத்தின் முதல் திங்கள் இரண்டு பேரும் சேர்ந்து லேபுக்கு வருகிறார்கள். போன தடவை செல்லப்பன் இரண்டு குப்பிகளையும் தானே நீட்டினார். தங்கம் தன்னுடையதை அவர் கையிலிருந்து எடுத்து என்னிடம் நேரே கொடுத்தார். "இதுல என் பேரை எழுதுங்க சேட்டா. கேட்டப்பல்லாம் ரொப்பிக் குடுத்தேன். எனக்கு எப்படி இருக்குன்னு இப்பத்தான் கேக்கறாரு."

இப்போதெல்லாம் யார் குப்பி நீட்டினாலும் பெயரைப் படிப்பதற்கு முன்னால் அது வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், காலையில் என்னுடையதையும் சேர்த்து.