வளைவுக்கு முன்னால் ஒரு கொப்பு

சென்ற வருடம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறுகிற வீதியில் இது நடந்தது. நாங்கள் கண்டி டவுனில் இருக்கிறோம். பெரியம்மா வீடு புசல்லாவையில். அங்கே அவருடைய பேத்தியின் சடங்குக்கு அம்மா, தம்பி, நான் மூவரும் இரண்டு வண்டிகளில் கிளம்பினோம். நான் என் ஸ்கூட்டியில்; தம்பி தன் மோட்டார் சைக்கிளில்; அம்மா தம்பிக்குப் பின்னால்.

அம்மா என் வண்டியில் ஏறமாட்டார். பயத்தினால் இல்லை, பொறுமை இல்லாததால். "நீ போய்ச் சேர்றதுக்குள்ள சாப்பாடு முடிஞ்சு பாத்திரமும் கழுவி வச்சிருப்பாங்க" என்பார். தம்பி எனக்கு வைத்திருக்கிற பெயர் 'வீடியோ டிரைவர்'. அதுவும் ஒரு வகையில் உண்மைதான். லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்து, வீதியில் விபத்தில் மாட்டாமல் ஓட்டுவது எப்படி என்று கிடைத்த வீடியோவையெல்லாம் பார்த்தேன். பார்த்ததை வீட்டில் சொல்லிச் சொல்லி எல்லாருடைய காதையும் புண்ணாக்கினேன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்றுதான்: கண்ணுக்கு எவ்வளவு வீதி தெரிகிறதோ, அதற்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் போ. எங்கள் பக்கத்து வீதிகளில் பாதி நேரம் அடுத்த பஸ் நீளத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நத்தை வேகம்.

கம்பளையில் அம்மாவுக்குப் பூ வாங்க வேண்டியிருந்தது. தம்பி வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"நீ முன்னாடி போ. எப்படியும் ரெண்டு மூணு வளைவுல உன்ன புடிச்சிருவேன்."

"புடிக்கவேணாம், மெதுவா வா. மழை தூறுது."

"சரிங்க டீச்சர்."

நான் ஏறிக்கொண்டு போனேன். தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியதும் பனி இறங்கிவிட்டது. ஓரிடத்தில் வீதி இடது பக்கமாக மடங்கித் திரும்பும். மலைச்சரிவு மறைப்பதால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. வழக்கம்போல ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்துத் திரும்பினேன்.

என் பாதையை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு லொறி நின்றது. அதன் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல, வீதியின் நடுவில், பச்சை இலையோடு ஒரு மரக்கொப்பு கிடந்தது. எங்கள் ஊரில் வண்டி பழுதாகி நின்றால் பின்னால் ஒரு கொப்பை ஒடித்துப் போடுவதுதான் எச்சரிக்கை. பார்த்தால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் லொறி தெரிந்த அதே நொடியில்தான் எனக்குக் கொப்பும் தெரிந்தது. பிரேக்கை மெல்ல அழுத்தி, கொப்பின் இலை முன்சக்கரத்தில் உரச நின்றேன். அடுத்த மூச்சில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி இறங்கிப் போனது. கொஞ்சம் வேகமாக வந்து, லொறியில் மோதாமல் வெளியே விலகியிருந்தால், அந்த பஸ்ஸின் முகத்தில்தான் விழுந்திருப்பேன்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும், பெருமையாக இருந்தது. பாடம் வேலை செய்துவிட்டதே. இதை எப்படித் தம்பியிடம் சொல்லலாம் என்று வார்த்தை கோத்துக்கொண்டே ஸ்கூட்டியை லொறிக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். லொறிக்கு அடியில் படுத்திருந்த டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது பின்னால் டயர் கிறீச்சிட்டது. ஒரு வேன், கொப்பின் மேலேயே ஏறி நின்றிருந்தது. லொறிக்கும் அதற்கும் ஒரு கை இடைவெளி. வேன்காரர் ஏதோ திட்டிவிட்டு விலகிப் போனார்.

பெருமையெல்லாம் அங்கேயே வடிந்தது. 'ரெண்டு மூணு வளைவுல உன்ன புடிச்சிருவேன்.' என்னைப் பிடிப்பதற்காகவே தம்பி விரட்டிக்கொண்டு வருவான். பின்னால் அம்மா, ஒரு கையில் பூப்பையோடு. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை.

ஓடிப்போய் அந்தக் கொப்பைத் தூக்கினேன். டிரைவர் பதறி எழுந்து வந்தார். சிங்களவர், ஆனால் தமிழ் பேசினார்; தங்கச்சி என்பதற்கு மட்டும் 'நங்கி' என்றார்.

"நங்கி, அது நம்ம கொப்பு. எங்க கொண்டு போறது?"

"வளைவுக்கு அந்தப் பக்கம் போடணும் அண்ணே. இங்க போட்டா கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது. என் தம்பி வாறான், அம்மாவ ஏத்திக்கிட்டு."

அவர் உடனே சரிவிலிருந்து இன்னும் இரண்டு கொப்புகளை முறித்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். வளைவைத் தாண்டி, கீழிருந்து வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரிகிற இடத்தில் மூன்றையும் வரிசையாகப் போட்டோம். நான் என் மஞ்சள் ரெயின்கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

தம்பியின் சைலன்சர் சத்தம் ஊருக்கே தெரியும். பனிக்குள்ளே கீழே எங்கேயோ அது கேட்டது. ஏறுகிற வேகமும் கேட்டது. ரெயின்கோட்டை வீசினேன். வெளிச்சம் வந்தது, பிறகு சத்தம் இறங்கியது. கொப்புகளுக்கு நல்ல தூரத்திலேயே வண்டி நின்றது.

"என்னா டீச்சர், பெட்ரோல் முடிஞ்சிருச்சா? பஸ்ஸ மறிக்கிற மாதிரி நிக்கிற."

"இறங்கி நடந்து வந்து பாரு."

வளைவைத் தாண்டியதும் லொறியைப் பார்த்தான். அதைக் கடந்து இன்னொரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். அம்மா பூப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லொறியையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

டிரைவர்தான் பேச்சைத் தொடங்கினார். "இந்த நங்கி என் கொப்ப களவெடுத்திட்டா அம்மா" என்றார். அம்மா சிரித்துவிட்டு, பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

கிளம்பும்போது அம்மா தம்பியின் வண்டியில்தான் ஏறினார். ஏறி உட்கார்ந்து அவன் தோளைத் தட்டினார்.

"அக்கா பின்னாலயே போடா. முந்தாத."

"அப்போ சாப்பாடு?"

"மிச்சம் இருக்கிறத சாப்பிடுவோம்."

புசல்லாவை வரை கண்ணாடியில் அவர்களின் வெளிச்சம் ஒரே தூரத்தில் வந்துகொண்டே இருந்தது. சாப்பாடும் முடியவில்லை, இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தோம். இப்போதும் நான் அதே நத்தை வேகம்தான். ஆனால் வீதியில் ஒரு கொப்பைக் கண்டால், தப்பினோம் என்று கடந்து போவதில்லை. வண்டியை நிறுத்தி, எனக்குப் பின்னால் வருகிறவருக்கு அது எங்கிருந்து தெரியும் என்று திரும்பிப் பார்க்கிறேன். அப்படி வருகிறவர் யாரோ ஒருவருடைய அம்மாவை ஏற்றிக்கொண்டுதான் வருவார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது.