அண்ணி வைத்துவிட்டுப் போன வளையல்கள்

பன்றிகளிடமிருந்து மூளைக்காய்ச்சல் பரவிய அந்த வருடம், மெர்லிமாவ் ஊரில் இருந்த எங்கள் வீட்டில் எனக்கு வளைகாப்பு. பயத்தில் நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தோல் உரிந்த பிறகும் கை சுத்தம் என்று மனம் ஒப்பவில்லை.

என் அண்ணன் பன்றிப் பண்ணையில் வேலை பார்த்தவர். அண்ணி வந்து என் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசியதும், மணையைவிட்டு எழுந்து குழாயடிக்கு ஓடினேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்த வேகத்தில், மற்றவர்கள் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் குழாயில் மோதி உடைந்தன.

அண்ணி பின்னாலேயே வந்து நின்றார்.

“பண்ணைய மூடி ரொம்ப நாளாச்சு லா. ஒங்கண்ணனுக்கும் ஒன்னும் இல்ல. சரி, நான் போடல. நீயே போட்டுக்க.”

கொண்டுவந்த வளையல்களைக் குழாயடியில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

அவர் சொன்னதை நான் முழுக்க நம்பினேன். அதுதான் இன்றும் எரிச்சல். நம்பிக்கொண்டேதான் அந்த வளையல்களையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.