இசாபெக் போட்ட தொண்ணூறு ஊசி

இசாபெக்கின் கை படாத குதிரையோ மாடோ எங்கள் அத்-பாஷி மலை வட்டாரத்தில் அதிகம் இருக்காது. இருபத்தைந்து வருடமாகக் கால்நடை மருத்துவர். வயிறு உப்பிக் கிடக்கும் பசுவின் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்லிவிடுவார். நான் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாட்டு மருந்து தீர்ந்துபோனால் மனிதர்களுக்கான மருந்தையே என்னிடம் வாங்கி அளவைக் கூட்டிக் கொடுப்பார். எந்த நோய்க்கும் மருந்து உண்டு, நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது என்பார். அவர் தொழிலில் அவர் கண்டது அதுதான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவருக்கும் குல்பார்ச்சினுக்கும் பிறந்தவள் அக்மூர். ஒன்றரை வயதில் அப்பாவை ‘அத்தா’ என்று கூப்பிட்டாள். ரொட்டி கேட்டாள், குதிரையைக் கண்டால் கத்தினாள். இரண்டரை வயதுக்குள் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கூப்பிட்டால் திரும்பவில்லை. நாள் முழுக்க அடுப்புக் கதவின் கொண்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியின் ஓரமும் தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. ஆனால் அப்பா வேலை முடிந்து வந்தால் மட்டும் போய் அவர் தாடையில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். குதிரை வியர்வை நாறும் அந்தச் சட்டையோடு இசாபெக் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

ஊர் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வசந்தத்திலும் தெருநாய்களைச் சுடும் வேலை கால்நடை மருத்துவர் தலையில்தான் விழும். ஒரு சாவு விருந்தில் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னிலும் சொன்னார்: “நீ சுட்ட நாயெல்லாம் உன் மக நாக்குல வந்து உக்காந்திருக்குப்பா.”

“அப்பிடின்னா குரைக்கவாவது செய்யணுமே பெரியப்பா” என்றார் இசாபெக். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கையில் எடுத்த இறைச்சியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

குழந்தை எதையோ கண்டு பயந்ததில் இதயம் கீழே இறங்கிவிட்டது என்றாள் ஒரு மந்திரக்காரி. இதயத்தை மேலே ஏற்றுவதாகச் சொல்லி ரொட்டியால் தலையைச் சுற்றி ஓதினாள். முல்லா ஒருவர் ஊற்றுத் தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். தலைநகரில் ஒரு பெரிய டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஆட்டிசம்’ என்று தாளில் எழுதினார். அதற்கு என்ன செய்வது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடியதில்தான் அந்தத் தனியார் சிகிச்சையகம் கிடைத்தது. சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் படம். எல்லோரும் குணமானவர்களாம். மூளைக்கு ஊட்டம் தரும் ஊசி, முப்பது நாள், இடைவெளி விட்டு மூன்று முறை. ஏழு வயதுக்குள் முடித்தால் பேச்சு வந்துவிடும் என்று வெள்ளைக் கோட்டுக்காரர் உறுதி சொன்னார். அக்மூருக்கு அப்போது ஆறு முடியப்போகிறது. இசாபெக் சவாரிக் குதிரையை விற்று மருந்துப் பெட்டிகளோடு ஊர் திரும்பினார். ஊசி போடத் தெரிந்தவர்தானே, வேறு யாரைத் தேட வேண்டும்?

ஊசிக் குழல்களை நான்தான் விற்றேன். அந்த மருந்து எதற்கு என்று நானும் கேட்கவில்லை. ஒருநாள் பஞ்சு கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். செம்மறிக்கு ஊசி போடும்போது பிடிப்பது போலக் குழந்தையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டிருந்தார். குல்பார்ச்சின் முகத்தைத் திருப்பிக்கொண்டு கால்களைப் பிடித்திருந்தாள். அக்மூர் அழவில்லை. தொண்டைக்குள் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுற்றிலேயே, அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் நுழைந்துகொள்வாள். அவர்தான் இழுத்து எடுப்பார். மூன்றாவது சுற்றில் தன் கையைத் தானே ரத்தம் வரக் கடிக்கத் தொடங்கினாள்.

“போதுங்க, விட்டுடுங்க” என்றாள் குல்பார்ச்சின்.

“பாதியில நிறுத்துனா போட்டதும் வீணாப் போயிடும். இன்னும் பதினொண்ணுதான்.”

அந்தப் பதினொன்றையும் போட்டார். பேச்சு வரவில்லை.

அடுத்த வருடம் தலைநகரிலிருந்து குழந்தை மருத்துவர்கள் சிலர் மாவட்ட மருத்துவமனைக்கு வந்தார்கள். செய்னெப் என்ற டாக்டரம்மா அக்மூரோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவள் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

“இது வந்து போற நோய் இல்லண்ணே” என்றார். “மூளை வளர்ற விதமே வேற. பிறக்கும்போதே அப்பிடித்தான். நாய் சுட்டதாலயோ பயந்ததாலயோ வரல. இதக் குணமாக்குற மருந்து உலகத்துல எங்கயும் கிடையாது. ஆனா கத்துக்குடுக்கலாம். படத்தக் காட்டி வேணுங்கறதக் கேக்க வைக்கலாம். எந்தச் சத்தம், எந்தத் தொடுதல் அவளுக்குத் தாங்கலையோ அதக் குறைக்கலாம். அதுல நெறைய மாறும்.”

“அப்ப அந்த ஊசி?”

“அதால பலன் உண்டுன்னு யாரும் நிரூபிக்கல.”

இசாபெக் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார். “தொண்ணூறு போட்டேம்மா” என்றார். இதையெல்லாம் கற்றுக்கொடுக்கிற ஆள் நம் மாகாணத்தில் இருக்கிறாரா என்று நான் கேட்டேன். இல்லை என்றார் டாக்டரம்மா. குல்பார்ச்சினுக்குத் தானே இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

குல்பார்ச்சின் விடாப்பிடியானவள். மாவுப் பையிலும் தேயிலைப் பெட்டியிலும் இருந்த படங்களை வெட்டி அட்டையில் ஒட்டினாள். இல்லாததை வரைந்தாள். எட்டு மாதம் கழித்து, ஒரு காலையில் அக்மூர் உருளைக்கிழங்குப் படத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள். குல்பார்ச்சின் அழுதுகொண்டே என் கடைக்கு ஓடிவந்து சொன்னாள். அதன்பிறகு அட்டைகள் கூடின. தண்ணீர், சால்வை, வெளியே போக வேண்டும், ரேடியோவை நிறுத்து. கையைக் கடிப்பது குறைந்தது, அப்பா வீட்டில் இல்லாத நேரங்களில்.

அப்பாவுக்கும் ஒரு அட்டை வேண்டுமென்று குல்பார்ச்சின் நினைத்தாள். அவருடைய வேலை அடையாள அட்டைப் படத்தை ஒட்டிக் கொடுத்தாள். அக்மூர் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்து, வெளிப்படியில் பனி மேல் வைத்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குல்பார்ச்சின் எடுத்து வந்தாள். அக்மூர் மறுபடி கொண்டுபோய் வைத்தாள். மூன்றாம் முறை, மேசையருகே உட்கார்ந்திருந்த இசாபெக்தான் மனைவியைத் தடுத்தார்.

அன்று மதியம் என் கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை.

“எம்மக எங்கிட்ட பேசிட்டா தங்கச்சி.”

“என்ன சொன்னா?”

“வெளிய போன்னு சொல்றா.”

சிறு பெண்தானே, மறந்துவிடுவாள் என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். “இத்தன வருசத்துல எங்கிட்ட அவ கேட்டது இது ஒண்ணுதான். இதையும் செய்யலைன்னா நான் என்ன அப்பன்?”

கால்நடை நிலையத்தின் பின்னறைக்குப் படுக்கையைக் கொண்டுபோனார். முதலில் ஒரு மாதம் என்றார். பதினோரு வருடமாகிறது. விறகைப் பிளந்து வீட்டு வாசலில் அடுக்கிவிட்டுப் போவார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு நடந்தே போய்வருகிறார். நடுவில் நான்கைந்து முறை குல்பார்ச்சின் வற்புறுத்தி உள்ளே கூட்டிப்போனாள். ஒவ்வொரு முறையும் அக்மூர் கையைக் கடித்தாள். அவரும் பிறகு போகவில்லை.

அக்மூருக்கு இப்போது பத்தொன்பது. பள்ளியில் சேர்க்கவே இல்லை. பதினெட்டு வயதானதும் பெரியவர்களுக்கான மருத்துவர் பழைய நோய்ப்பெயரை அடித்துவிட்டு மனநோய் என்று வேறொன்றை எழுதி, தூங்கவைக்கும் மாத்திரை கொடுத்தார். குல்பார்ச்சின் அதைக் கொடுப்பதில்லை. ஆனால் அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ரத்த அழுத்தம். தனக்குப் பிறகு மகளுக்குத் தொலைவில் இருக்கும் அரசு மனநோயாளர் விடுதிதான் என்று தெரியும். அங்கே கட்டிலோடு கட்டிப்போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

போன இலையுதிர் காலத்தில் மேய்ச்சல்மேட்டிலிருந்து ஒரு இளம் தம்பதி நிலையத்துக்கு வந்தார்கள். மூன்று வயது மகள், பேச்சு நின்றுபோயிருந்தது. தலைநகரில் ஊசி போடுகிற அந்த இடத்தின் முகவரி வேண்டுமாம். இசாபெக் அவர்களை உட்காரவைத்து டீ ஊற்றிக் கொடுத்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாராம். குணமாகாது, கற்றுக்கொடுக்கலாம், குல்பார்ச்சினைப் போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினாராம்.

“உங்க பொண்ணுக்கு ஊசி கேக்கலைன்னா எங்க பொண்ணுக்கும் கேக்காதா அண்ணே?” என்று அந்தப் பெண் கேட்டாளாம். மூன்றாம் நாள் அவர்கள் தலைநகர் பேருந்தில் ஏறிப் போனதைப் பலரும் பார்த்தார்கள்.

என்னிடம் இதைச் சொல்லும்போது அவருக்கு அவர்கள் மேல் கோபமில்லை. “அந்த வயசுல எங்கிட்ட யாராவது வந்து சொல்லியிருந்தா நான் அடிச்சே வெரட்டியிருப்பேன்” என்றார். வெளியே ஒருவர் குதிரையோடு நின்று கூப்பிட்டார். மாடு ஒன்று காலையிலிருந்து கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். இசாபெக் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.