கப்பல் பிடித்து வைத்த இருபதாயிரம்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்ணூரில் என் வீட்டு வாசலுக்கு வாடகைக் கார் வந்தது. சென்னைத் துறைமுகம் வரை 2,200 ரூபாய் பேசியிருந்தோம். வழியில் சேரப்பணஞ்சேரியில் கஸ்தூரியை ஏற்றிக்கொண்டு, படப்பை, தாம்பரம் வழியாகப் போக வேண்டும். அறுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

நானும் கஸ்தூரியும் ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். நான் தரப் பரிசோதனையில் சூப்பர்வைசர். அவள் என் லைனில் பதினோரு வருடமாக இருக்கிறாள். கணவர் இல்லை. ஒரே மகள் திவ்யா, பொறியியல் இரண்டாம் ஆண்டு. இந்த வருட போனஸ் வந்தபோது நான்தான் ஆசை காட்டினேன்: சென்னையிலிருந்து புறப்பட்டு, நடுக்கடலில் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் காலை சென்னைக்கே திரும்பும் சொகுசுக் கப்பல். இரண்டு இரவுகள், ஆளுக்கு 21,000 ரூபாய். அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். பின்னால் நடந்ததையெல்லாம் நினைக்கும்போது, ஆசை காட்டியவள் நான் என்பதே முதலில் குத்துகிறது.

கஸ்தூரி காரில் ஏறியதும் டிரைவர் கேட்டார்: “கப்பல்ல சாப்பாட்டுக்கு தனியா காசு குடுக்கணுமா மேடம்?”

“அதெல்லாம் டிக்கெட்லயே அடக்கம். உள்ள போயிட்டா பர்ஸையே தொட வேணாம்னு ஏஜெண்ட் சொல்லிகீறாரு” என்றாள் கஸ்தூரி. அவள் குரலில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியவில்லை.

பத்தேகாலுக்குத் துறைமுகம். பயணிகள் கூடத்தில் மூன்று வரிசைகள் நின்றன. பெட்டிகளைச் சோதித்து, ஆதார் பார்த்து, படம் பிடித்து, கடைசியாக ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் சிரித்த முகத்துடன் கை நீட்டினாள். “கார்டு ப்ளீஸ்.”

கப்பலுக்குள் பணம் செல்லாதாம். அறைச் சாவியாகக் கொடுக்கும் அட்டையைக் காட்டித்தான் எதையும் வாங்க வேண்டும். அதற்கு ஈடாக நம் வங்கி அட்டையிலிருந்து பத்தாயிரம் ரூபாயை ‘ஹோல்ட்’ செய்வார்களாம். அதாவது எடுக்க மாட்டார்கள், ஆனால் நாமும் தொட முடியாதபடி நிறுத்தி வைப்பார்கள். டிக்கெட் வாங்கும்போது இதைப் பற்றி ஏஜெண்ட் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

என்னிடம் கிரெடிட் கார்டு இருந்தது. கடன் வரம்பில் பத்தாயிரம் குறையும், அவ்வளவுதான். கஸ்தூரியிடம் இருந்தது சம்பளக் கணக்கின் டெபிட் கார்டு. அதில் நிறுத்தி வைப்பது கையில் இருக்கும் பணத்தை.

அவள் தயங்கி நின்று விரல் விட்டு எண்ணினாள். “அக்கா, அக்கவுண்ட்ல நாப்பத்தோராயிரம் கீது. நாளைக்கு திவ்யா பீஸ் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. செக்ல கையெழுத்து போட்டு குடுத்துட்டு வந்துட்டேன். பத்து போனாலும் முப்பத்தொண்ணு நிக்கும். பரவால்ல.”

ரகசிய எண்ணை அழுத்தினாள். இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. “நெட்வொர்க் சரியில்லை, இன்னொரு முறை போடுங்க” என்றாள் மேசைப் பெண். கஸ்தூரி மறுபடி அழுத்தினாள். இந்த முறை சீட்டு வந்தது. பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். நாங்கள் நகர்ந்தோம்.

மாலை ஐந்து மணிக்குக் கப்பல் அசைந்தது. ஏழாவது தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றோம். கீழே துறைமுக முற்றத்தில் ஏற்றுமதிக்கான கார்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றன. எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஓடிய லாரிகள் கொண்டுவந்து இறக்கிய கார்கள். “அதுல எத்தினி வண்டில நம்ம பிரேக் கீதோ!” என்று கஸ்தூரி கத்தினாள். கலங்கரை விளக்கமும் மெரினாவும் சிறுத்துச் சிறுத்து ஒரு கோடாகிப் போயின. ஆறரைக்கு நாலாபுறமும் தண்ணீர் மட்டும். அந்த நீலத்தை, அது கறுத்துப்போன விதத்தை, அதன் மேல் வந்த காற்றை நான் குறை சொல்லவே மாட்டேன். என் கோபம் கடல் மேல் இல்லை.

உணவுக்கூடத்தில் சாப்பாடு இலவசம்தான், ஆனால் அறையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் நூறு ரூபாய். ஏறும்போது வழிமறித்துப் பிடித்த புகைப்படம் 650. ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் 280. கஸ்தூரி இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு புகைப்படம், ஒரு ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொண்டாள். அன்றிரவு அவள் கவலையற்றுத் தூங்கினாள். வீட்டில் அவள் அப்படித் தூங்கி வருடங்கள் ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணி. கைபேசியில் சிக்னல் கிடையாது. கப்பலின் வைஃபை ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். என் கணவர் ஆண்டனிக்குப் படம் அனுப்பலாம் என்று வாங்கினேன். இணைந்ததும் திவ்யாவின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கடைசியாக அவள் குரலே வந்தது.

“ஆன்ட்டி, அம்மா எங்க? ஸ்ரீபெரும்புதூர் பேங்க்ல நிக்கிறேன். செக்கு பாஸாகாதாம். இருபத்தோராயிரம்தான் கீதுன்றாங்க. இன்னிக்குத்தான் லாஸ்ட் டேட், கட்டலன்னா ஹால் டிக்கெட் கிடையாது. நாலு மணிக்கு கவுண்டர் மூடிடுவாங்க.”

கஸ்தூரி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். நாற்பத்தோராயிரத்தில் இருபதாயிரம் போயிருந்தது. இரண்டு முறை அழுத்திய எண்ணுக்கு இரண்டு முறையும் பணத்தைப் பிடித்திருந்தார்கள்.

ஐந்தாவது தளத்துப் பயணிகள் மேசைக்கு ஓடினோம். அங்கே ஒரு சென்னை இளைஞன் இருந்தான். கணினியைப் பார்த்தான். “ஆமா மேடம், ரெண்டு ஹோல்ட் காட்டுது. முதல்ல போட்டது டைம் அவுட் ஆகியிருக்கு. அது தானா ரிலீஸ் ஆயிடும்.”

“எப்ப?” என்றேன்.

“ஏழுல இருந்து பத்து வொர்க்கிங் டேஸ்.”

“தம்பி, புடிக்கிறதுக்கு பத்து செகண்டு, விடுறதுக்கு பத்து நாளா?”

“அது பேங்க் பாலிசி மேடம். எங்க கையில இல்ல.”

“பணத்த புடிச்சது நீங்க. பேங்கா வந்து மேசை போட்டு உட்கார்ந்தது?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தொழிற்சாலையிலும் ஹோல்ட் உண்டு. சந்தேகமான ஒரு பாகத்தை நிறுத்தி வைத்தால் அதில் மஞ்சள் அட்டை கட்டுவேன். யார் நிறுத்தியது, ஏன், எப்போது முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பன்னிரண்டு ரூபாய் பெறுமானமுள்ள ஓர் இரும்புத் துண்டுக்கு நாங்கள் காட்டும் மரியாதை அது. ஒரு பெண்ணின் சம்பளத்தில் இருபதாயிரத்தை நிறுத்தியவர்களிடம் யார், ஏன், எதுவரை என்ற மூன்றுக்கும் பதில் இல்லை.

என் கிரெடிட் கார்டு மூலம் கல்லூரித் தளத்தில் கட்டப் பார்த்தேன். உறுதி செய்யும் எண் குறுஞ்செய்தியில் வரும் என்றது. நடுக்கடலில் குறுஞ்செய்தி எங்கே வரும்? ஆண்டனியைக் கூப்பிட்டேன். அவர் இருங்காட்டுக்கோட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வேலை நேரத்தில் போன் லாக்கரில் கிடக்கும். ஷிஃப்ட் முடிவது இரண்டரைக்கு. கஸ்தூரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பளிங்குத் தரை, மேலே கண்ணாடி விளக்கு, பக்கத்தில் யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ஐஸ்க்ரீம் துன்னதுக்கா அக்கா இது?” என்றாள்.

இரண்டு ஐம்பதுக்கு ஆண்டனி போனை எடுத்தார். கம்பெனி பஸ்ஸில் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், “எவ்ளோ கம்மி?” என்று மட்டும் கேட்டார்.

“ஆறாயிரத்து ஐந்நூறு.”

“ஸ்ரீபெரும்புதூர்ல எறங்கிக்கிறேன். பொண்ண அங்கியே நிக்க சொல்லு.”

மூன்றரைக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குள் நுழைந்து, கஸ்தூரியின் கணக்கில் கட்டினார். மூன்று நாற்பத்தெட்டுக்கு திவ்யா முத்திரை குத்திய செலானைப் படம் பிடித்து அனுப்பினாள். கஸ்தூரி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, தொகையை, பெயரை, முத்திரையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

இரவுச் சாப்பாட்டில் எங்கள் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்தார். திருநெல்வேலிக்காரர், தாம்பரத்தில் பாத்திரக் கடை. விஷயத்தைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார்.

“என்னம்மா, ரொக்கமா கட்டலாம்லா? நான் அஞ்சாயிரம் கட்டுனேன். செலவு போக மிச்சத்த எறங்கும்போதே குடுத்துருவாவ.”

“யாருங்க சொன்னது உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லல. டிக்கெட்டுக்குப் பின்னால எட்டாவது பக்கத்துல எறும்பு மாதிரி எழுத்துல கெடக்கு. நான் கடைக்காரன், வாசிச்சுப் பாத்துட்டுத்தான் கார்டை எடுப்பேன்.”

வழி இருந்திருக்கிறது. முந்தின நாள் முழுக்க அந்த மேசைப் பெண் சிரித்துச் சிரித்து, அதை மட்டும் சொல்லாமல் அத்தனை பேரின் கார்டையும் வாங்கியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்னை. இறங்கும் முன் கதவடியில் கணக்குத் தாள் செருகியிருந்தார்கள். கஸ்தூரியின் செலவு: தண்ணீர் 200, ஐஸ்கிரீம் 280, புகைப்படம் 650. அதோடு, நாங்கள் கேட்காத ‘சேவைக் கட்டணம்’ நாளைக்கு 400 வீதம் 800. மொத்தம் 1,930. அதை இருபதாயிரத்திலிருந்து கழிப்பார்கள் என்று நினைத்தோம். இல்லை! கணக்கில்தான் ஒன்றும் மிச்சமில்லையே, அதைப் புதிதாக ரொக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிடித்து வைத்தது அப்படியே கிடந்தது.

நான் ஐந்தாவது தளத்து மேசையை விட்டு நகரவில்லை. “ரெண்டு ஹோல்டையும் விட்டாச்சுன்னு எழுதி, கையெழுத்து போட்டு, சீல் வச்சுக் குடுங்க. அது வரைக்கும் எறங்க மாட்டேன்” என்றேன். அந்த இளைஞன் மேலாளரைக் கூப்பிட்டான், மேலாளர் இன்னொருவரைக் கூப்பிட்டார். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாதா என்றார்கள். போதாது என்றேன். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. அறைகளைத் துடைக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பத்தே முக்காலுக்குக் கடிதம் வந்தது. சேவைக் கட்டணம் 800-ஐயும் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டால் திருப்பித் தரக்கூடிய பணம் என்றால், கேட்காமல் ஏன் எடுத்தார்கள்?

இருபதாயிரம் எப்போது வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தோடு கஸ்தூரி வங்கிக்கு மூன்று முறை நடந்தாள், அதில் ஒரு நாள் அரைநாள் சம்பளம் போயிற்று. பன்னிரண்டாம் நாள் பணம் விடுபட்டது. நடுவில் ஆண்டனியின் ஆறாயிரத்து ஐந்நூறைத் தர முடியவில்லையே என்று அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே தவிர்த்தாள். பதினோரு வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு சங்கடம் எங்களுக்குள் வந்ததே இல்லை. வட்டியில்லாமல் அவள் பணத்தை வைத்திருந்தவர்கள் அதற்கும் பொறுப்பு.

பதினொரு மணிக்கு நாங்கள் பயணிகள் கூடத்துக்கு வெளியே வந்தபோது, அடுத்த கூட்டம் ஏறுவதற்காக வரிசை கட்டியிருந்தது. புதுத் துணி, புதுப் பெட்டி, குழந்தைகள். கூடத்தின் முனையில் அதே மேசை, அதே சிரிப்பு. நான் கார் டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கஸ்தூரி என் பக்கத்தில் இல்லை.

வரிசையின் கடைசி ஆளிடம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அவருக்கு முன்னால் நின்றவரிடம் போனாள். பிறகு அடுத்தவர்.

“சார், அங்க கார்டு கேப்பாங்க. ரொக்கமா கட்டலாமான்னு கேளுங்க. கட்டலாம். எட்டாவது பக்கத்துல போட்டுகீது. அவங்களா சொல்ல மாட்டாங்க.” அடுத்து ஓர் அம்மாவிடம்: “சம்பள அக்கவுண்ட் கார்டாம்மா? அத்த மட்டும் குடுத்துடாதீங்க. ரெண்டாவது வாட்டி போடச் சொன்னா, மொதல்ல மெசேஜ் பாருங்க.”

காவலாளி ஒருவர் வந்தார். “யாரும்மா நீங்க? எந்த ஏஜெண்ட் ஆளு?”

“ஏஜெண்ட் இல்லீங்க. இப்பத்தான் இந்தக் கப்பல்ல இருந்து எறங்கினேன்.”

“இங்கல்லாம் நின்னு பேசக்கூடாது.”

“நிக்கலயே, நடந்துகினுதானே கீறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனாள். காவலாளி அவள் பின்னாலேயே நடந்தார். ஆனால் தடுக்கவில்லை. பாதி வழியில் அவரும் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வரிசையின் முன்பக்கம் சலசலத்தது. ஒருவர் மேசைப் பெண்ணிடம் ரொக்கம் என்றார். அடுத்தவரும் ரொக்கம் என்றார். மூன்றாவதாக நின்ற பெரியவர், ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று உரக்கக் கேட்டார். மேசைப் பெண் போனை எடுத்து யாரையோ அழைத்தாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர் உள்ளிருந்து இன்னொரு மேசையைத் தூக்கிவந்து போட்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் ‘ரொக்கம் இங்கே’ என்று எழுதி ஒட்டினார்கள். தாள் ஒட்டி முடிப்பதற்குள் அந்த மேசைக்கு முன் பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

கஸ்தூரி வரிசையின் முன்பக்கம் வரை போய், அந்தத் தாளை ஒரு தடவை வாசித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போலாம்க்கா” என்றாள்.