நிந்தவூர்க் கஞ்சியும் என் மாமியும்

கிழக்கிலங்கையில், எங்கள் பக்கத்தில், கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். அப்படி நான் நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு வந்து பதினொரு வருடம். இவ்வளவு காலமும் ஒரே வீட்டில் இருந்தும், என் மனைவியின் உம்மா, அதாவது மாமி, என்னோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை, பழைய ஆட்களின் மரியாதை அது. நான் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "இன்னும் கொஞ்சம் சோறு வெய்க்கட்டா எண்டு கேளு மகள்" என்பார். "போதுமாம் உம்மா" என்பாள் மனைவி. நான் வாயே திறந்திருக்க மாட்டேன்!

போன வருடம் எனக்கு ஒரு விசர் பிடித்தது. சின்ன ஊர்களின் வெளியே தெரியாத குணத்தைப் பற்றி, ஃபோனில் பேசிப் பதிந்து இணையத்தில் விடும் ஒரு பொட்காஸ்ட். கல்முனையில் தொடங்கினேன். சந்தையில் அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த மனிசன், பதிவு என்றதும் தொண்டையைச் செருமி, "கல்விமான்கள் பலரை ஈன்றெடுத்த எமது ஊரானது" என்று ஆரம்பித்தார். யாரிடம் போனாலும் இதே மேடைப் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையான ஊர் எங்கள் குசினிக்குள், மாமியின் அடுப்படியில் இருந்தது. எந்த வீட்டு வட்டிலப்பத்தில் இனிப்புக் கூட, எந்த ஒழுங்கையில் சண்டை பிடித்துக்கொண்டே மதிலுக்கு மேலால் கறி கொடுப்பார்கள், யார் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் தப்ப முடியாது, எல்லாம் மாமியின் வாயில். அந்தக் குரல் இல்லாமல் இந்தப் பொட்காஸ்டுக்கு உயிரில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மனைவி மூலம் கேட்டுப் பார்த்தேன். "எனக்கென்ன தெரியும், ஆம்பிளயளிட்டக் கேக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. மனம் விட்டுப்போயிற்று.

கடைசியில் நானே தனியாகப் பேசிப் பதிந்தேன். வெளிச் சத்தமும் எதிரொலியும் விழாமலிருக்க ஃபேனை நிறுத்தி, அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்க. நோன்பு காலத்துப் பள்ளிவாசல் கஞ்சி பற்றிய இடத்தில் வாய் தவறி, "என்ன இருந்தாலும் நிந்தவூர்க் கஞ்சியை அடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன். பிறந்த ஊர்ப் புத்தி எங்கே போகும்?

மறுநாள் மனைவி அதைக் குசினியில் போட்டுக் கேட்டாள். நான் முன் அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் திரை விலகியது. மாமி, கையில் அகப்பையோடு.

"உங்கட ஊர்க் கஞ்சியும் ஒரு கஞ்சியா மருமகன்? டோர்ச் அடிச்சித்தான் இறைச்சியத் தேடணும்!"

நான் எழும்பியே விட்டேன். ஏச்சு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். மனைவி ஓடிவந்து, "உம்மா என்ன சொல்றா எண்டா..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரி. நாங்க கதைக்கிறம்" என்றார் மாமி.

"நீங்க எப்ப மாமி எங்கட கஞ்சி குடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கலியாணம் பேசி முடிஞ்ச நோன்புல உங்கட உம்மா ஒரு வாளி அனுப்பினா. ஒரு வாய் குடிச்சன். அல்லாஹ்வே, இந்தப் புள்ள நம்மட ஊட்டுக்கு வந்தாவது நல்ல கஞ்சி குடிக்கட்டும் எண்டுதான் கலியாணத்த அவசரப்படுத்தின நான்."

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. ஃபோனை மெல்லக் கையில் எடுத்தேன்.

"மாமி, இதைப் பதியட்டா?"

மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓம், பதியிங்க. நிந்தவூராக்கள் கேக்கட்டும்."