காற்றில்லாத கடலுக்கு ஒரு பலகை

தச்சு வேலையில் மரம் ஒருநாளும் எதிர்த்துப் பேசாது. அதைச் செய்யச் சொல்கிறவர்களும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களும், கூட நின்று இழைக்கிறவர்களும் பேசுகிற பேச்சில்தான் நமக்கு நரை விழுகிறது.

கீழ்வேளூரில் இருபத்திரண்டு வருஷமாக நிலை, கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் தையல் கடை வைத்திருக்கலாம், வெல்டிங் பட்டறை வைத்திருக்கலாம், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவராக இருக்கலாம். “இதே மாதிரிதான், ஆனா கொஞ்சம் வேற மாதிரி” என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் ஒருமுறையாவது மாட்டியிருந்தால் நீங்கள் எனக்கு உறவு. போன மாசியில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

என்ன உத்தியோகம்?

சரவணன் பக்கத்து ஊர்ப் பிள்ளை. வயது முப்பத்தொன்று, எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. வளைகுடா நாட்டில் ஒரு கடற்கரையில் வேலை. என்ன வேலை என்று கேட்டேன். ஒரு பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டால், காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர் மேல் ஓடலாமாம். அந்த ஓட்டத்தை வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் இவர். பலகைக்குப் பெயர் கைட் போர்டு. ஒரு மாத லீவில் வரும்போது பட்டத்தைப் பையில் மடித்துக்கொண்டு வந்துவிட்டார், பலகையைக் கொண்டுவர முடியவில்லை. கொண்டுவந்திருந்தாலும் அது இங்கே உதவாது. மாசியில் நம் கடலில் காற்று மந்தம். காற்று குறைந்து ஆள் கனத்தால் பலகை பெரிதாக இருக்க வேண்டுமாம். வெளியே ஆர்டர் போட்டால் லீவு முடிந்த பிறகுதான் வந்து சேரும்.

ஒரு மாதம் பட்டம் விடாமல் இருந்தால் என்ன தம்பி என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய அப்பா ரத்தினம், எட்டு மா நிலம் சொந்தமும் அதற்கு மேல் குத்தகையும் பார்க்கிறவர். தரகர் மூலமாகப் பெண் வீட்டார் பையனுக்கு என்ன வேலை என்று விசாரித்தபோது, துறைமுகத்தில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார். பிள்ளை போகுமுன் ஒரே ஒரு தடவை அப்பா கண் முன்னால் தண்ணீர் மேல் ஓடிக் காட்ட வேண்டும் என்கிறது. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அப்பா சொன்ன பதிலைச் சரவணன் என்னிடம் அப்படியே சொன்னார்: “பட்டம் விடுறான்னு நான் எந்த வாயால சொல்றது?”

கனமான வேலை

நம் தொழிலில் ஒரு கதவை வாடிக்கையாளர் ஒற்றைக் கையால் தூக்கிவிட்டால் நம் மானம் போயிற்று. லேசாக இருக்கட்டும் என்று சரவணன் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் தலையாட்டினேன். கைதான் கேட்கவில்லை. முக்கால் அங்குல பிளைவுட்டை எடுத்து, அடியில் சுற்றிலும் தேக்குச் சட்டம் கொடுத்து, பிசிறில்லாமல் ஸ்குரூ முடுக்கி, இரண்டு தலைமுறைக்கு உழைக்கிற மாதிரி செய்து வைத்தேன். அதைக் குட்டியானை வண்டியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நாகூர் பக்கம் வெட்டாறு கடலில் சேருகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் முதல் சோதனை. பட்டம் எழும்பியது. சரவணனை முன்னால் இழுத்தது. அவர் போய்விட்டார். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. நாலு தடவையும் இதே கதை. கரையில் உட்கார்ந்து வலை சரி பார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பொறுக்க முடியாமல் சொன்னார்: “நங்கூரம் நல்லா இருக்கு தம்பி. படகு எப்ப வரும்?”

எதிர்வீட்டுக் கவலை

இரண்டாவது பலகைக்கு என் கைக்கு நானே விலங்கு போட்டுக்கொண்டேன். தண்ணீருக்குத் தாங்குகிற மெல்லிய பிளைவுட்டில் இரண்டு தகடு, ஒவ்வொன்றும் ஐந்தடி நாலங்குல நீளம், ஒன்றரை அடி அகலம், முனைகளை உருட்டி அறுத்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினால் ஒரு பலகை. அதைப் பட்டறை வாசலில் சாய்த்து வைத்ததுதான் நான் செய்த குற்றம். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். இஸ்திரிப் பலகை என்றார் ஒருவர். மேடைக்குப் பின்னால் மாட்டுகிற தட்டியா என்று கேட்டார் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கி என் தொண்டை கட்டிக்கொண்டது.

எதிர்வீட்டு அற்புதமேரி அக்கா மட்டும் எதுவும் கேட்காமல் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக வந்து, நம் சர்ச் பங்கில் யார் தவறிப்போனது என்று விசாரித்தார். சவப்பெட்டி மூடி இல்லை அக்கா, கடலுக்குக் கொண்டுபோகிற பலகை என்று சொன்னேன். “கடல்ல அடக்கம் பண்றதா இருந்தாலும் சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க மேஸ்திரி.”

அளவு பார்த்தல்

மறுநாள் சரவணனின் அம்மா வந்தார். கையில் செல்போன், அதில் யாரோ அனுப்பிய மனையடி அட்டவணை. ஐந்தடி நாலங்குலம் ஆகாதாம், நீருக்குப் போகிறவனுக்குச் சுத்தமாக ஆகாதாம். ஓரங்குலம் குறைத்தால் ஜெயமாம். அம்மா, காற்று குறைவு என்பதற்காகத்தான் பலகையையே பெரிதாக்குகிறோம், இதில் குறைத்தால் எப்படி என்று கேட்டேன். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், இதெல்லாம் பார்ப்பதில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அது பொய். ஊரில் நான் செய்த அத்தனை நிலைக்கும் அளவு பார்த்துத்தான் செய்திருக்கிறேன், அந்த அம்மா வீட்டு நிலை உட்பட.

அது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஓரங்குலத்தை அறுத்துத் தள்ளினேன். வேறென்ன செய்ய? அவர் கேட்ட கேள்வி அப்படி: “வாசக்காலுக்கு மட்டும் பாக்குறீங்க. எம்புள்ள ஏறி நிக்கிற பலகைக்குப் பாக்க மாட்டீங்களா?”

நிலை வைக்கப் போன நேரம்

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் தைரியமாகக் கேளுங்கள். சரவணன் வேலை செய்கிற இடத்துப் பலகையின் படத்தைக் காட்டியிருந்தார். இரண்டு முனையும் மேல் பார்த்து லேசாக வளைந்திருக்கும். தட்டையாக இருந்தால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி ஆளைக் கவிழ்க்குமாம். அதனால் வளைந்த சட்டங்களால் ஓர் அச்சுச் செய்து, பசை தடவிய இரண்டு தகட்டையும் அதன்மேல் வைத்து அழுத்திக் கிளாம்பு போட்டேன். இரண்டு அங்குல வளைவு அழகாக வந்தது. அது மெதுவாக இறுகுகிற பசை, ஒரு பகல் முழுக்க அசைக்கக் கூடாது. அன்றைக்கென்று தாராசுரத்தில் ஒரு வீட்டுக்கு நிலை வைப்பு. நிலை செய்த தச்சன் நல்ல நேரத்தில் நேரில் நிற்காவிட்டால் அந்த வீட்டார் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். என் கூட்டாளி கோவிந்தசாமியிடம், அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வேட்டி துண்டு, தாம்பூலத்தோடு நாலு மணிக்குத் திரும்பினால், கிளாம்பெல்லாம் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறது. அச்சு சுவரோரம் நிற்கிறது. பலகை தரையில் படுத்திருக்கிறது. அதன்மேல் பக்கத்து நெல் மண்டியிலிருந்து கொண்டுவந்த பதினோரு மூட்டை. கோவிந்தசாமி இருபது வருஷமாக என்னோடு இருக்கிறார். கோணிய பலகையைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. பசை இளகலாக இருக்கும்போதே கழற்றி, அலுங்காமல் நிமிர்த்தி வைத்திருக்கிறார். நான் வந்தபோது அது கல்லாக இறுகிவிட்டது. நான் கோபத்தில் மூட்டைகளை இழுத்துத் தள்ளினேன். அவரோ பாராட்டை எதிர்பார்த்து நின்றார். “நீங்க பாத்துக்கச் சொன்னீங்க, பாத்தேன். கோணியிருந்துச்சு மேஸ்திரி. நம்ம பேரு கெடக்கூடாதுல்ல, நிமுத்திட்டேன்.”

அரை அங்குலம்

சரவணன் வந்து முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தார். அரை அங்குல வளைவு மிச்சமிருந்தது. லீவில் ஆறு நாள் மிச்சமிருந்தது. இன்னொன்று செய்ய நேரமில்லை. படகுக்கு ஃபைபர் அடிக்கிறவரிடம் கொண்டுபோய் மேலே துணியும் பிசினும் ஏற்றிக் காயவிடவே இரண்டு நாள் ஆகும். கால் வைக்க ரப்பர் செருப்பை அறுத்து ஒட்ட வேண்டும், பாதத்தைப் பிடிக்கப் பை வார் தைக்க வேண்டும், அடியில் நாலு முனைக்கும் சின்னச் சின்ன அலுமினியத் தகடு முடுக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை. தங்கள் கடலில் எப்போதும் பலத்த காற்று, குறைந்த காற்றுக்கான பலகையில் தானே நின்றதில்லை, அதனால் இது எப்படிப் போகும் என்று தெரியாது என்றார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. போகும்போது திரும்பி, “மூக்கு குத்துச்சுன்னா அப்பா பாக்குறப்பவே குத்தும்ணே” என்றார்.

மண்வெட்டிப் பிடி

பலகை தயாரானதும் இரண்டு நாள் காலையில் போனோம். இரண்டு நாளும் ஓர் இலை அசையவில்லை. பட்டம் மணலில் படுத்தே கிடந்தது. இனி இரண்டே நாள். அன்று பகலில் ரத்தினம் பட்டறைக்கு வந்தார், மண்வெட்டிக்குப் பிடி போட. பலகை பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவோடு வந்தவர் மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அறுவடைக்கு மெஷின் வந்த பிறகும் விதை நெல்லை மட்டும் களத்தில் கையால் தூற்றுகிற மனிதர் அவர். நாங்கள் காலை ஏழு மணிக்குப் போய்க் காற்றில்லாமல் திரும்பினோம் என்று கோவிந்தசாமி உளறிவிட்டார். ரத்தினம் பிடியை வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பாவனையே இல்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “எவனாவது காலைல ஏழு மணிக்குத் தூத்துவானா? மூணு மணிக்கு மேலதான் கடக்காத்து திரும்பும். அதுக்கு முன்ன போயி நின்னா கொக்குதான் பாக்கலாம்.”

கடைசிக்கு முந்தின நாள்

மறுநாள் இரண்டு மணிக்கு வண்டி கிளம்பும்போது ரத்தினம் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நாகூரில் ஒரு வேலை இருக்கிறது என்றார். ஆற்று முகத்தில் இறங்கியதும் மடியிலிருந்து ஒரு பிடி கருக்காவை எடுத்தார். மணி பிடிக்காத வெற்று நெல் அது. கையைத் தலைக்கு மேல் தூக்கி அதை விட்டார். காலடியில் விழுந்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு பிடி. அதுவும் காலடியில். மூணேகாலுக்கு விட்ட பிடி நாலு தப்படி தள்ளிப் போய் விழுந்தது. பிள்ளையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பட்டம் ஏறியது. முதல் தடவை மூக்கு குத்தி, சரவணன் தலைகுப்புற விழுந்தார். கோவிந்தசாமி கண்ணை மூடிக்கொண்டார். நான் மூட்டைகளை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை சரவணன் பாரத்தைப் பின்காலில் வைத்து நிமிர, பலகை தண்ணீர் மட்டத்துக்கு எழும்பி, தட்டையாக வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அக்கரைக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. அன்றைக்கு நங்கூரம் என்று சொன்ன மீனவர் எழுந்து நின்று பார்த்தார். தான் கேட்ட வளைவு மட்டும் இருந்திருந்தால், இந்தக் காற்றுக்குப் பலகை தண்ணீரை உழுதுகொண்டு நின்றிருக்கும் என்று கரையேறியதும் சரவணனே சொன்னார். அதைக் கோவிந்தசாமி காதில் விழும்படி சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

ரத்தினம் எங்கள் பக்கம் வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று தரகருக்குப் போன் போட்டார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, எதிர்க்காற்றுக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகப் பேசியதால் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது: “துறைமுகம்னு நான் சொன்னது பொய்ங்க. எம்புள்ள தண்ணி மேல ஓடுறான், அதத்தான் ஊருக்குச் சொல்லிக் குடுக்குறான். பொண்ணு வீட்டுல பாக்கணும்னா நாளைக்கு ஒரு நாளுதான் இருப்பான், மூணு மணிக்கு மேல வரச் சொல்லுங்க.”

ஆக, இருபத்திரண்டு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை நான் ஊரில் இல்லாத நேரத்தில் நடந்தது என்று கோவிந்தசாமி இப்போது வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் அதைக் கேட்டுக்கொண்டே கதவு இழைத்துக்கொண்டிருக்கிறேன்.